சபையும் ஐக்கியமும்

நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து தில்லிக்கோ புனேக்கோ குடிபெயரும் கிறிஸ்தவக் குடும்பம், பெட்டி படுக்கைகளைக் கட்டுமுன் செய்து முடிக்கும் காரியம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் தம் சேகர குருவைக் கண்டு ஒரு கடிதம் பெற்றுக்கொள்வார். இதைக் கொண்டுவரும் இன்னார் இச்சபையின் அங்கத்தினர், ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர், திருவிருந்தில் பங்குபெற்று வருபவர், இவரையும் இவர் குடும்பத்தாரையும் உங்கள் சபையில் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம் என்பது அக்கடிதத்தின் சாரம். அவருடைய படிப்பு, பதவி, சம்பளம் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. நற்சான்றிதழ்களையும் பணிச் சான்றிதழ்களையும் ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு இக்கடிதம் சற்று விந்தையாகவே தோன்றும். ஏனைய சான்றிதழ்களெல்லாம் ஒருவர் என்ன செய்ய வல்லவர் என்று கூறுகின்றன. இதுவோ, அவர் யாரைச் சேர்ந்தவர் என்று கூறுவதோடு நின்றுவிடுகிறது.

இவ்வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. ஏறத்தாழக் கி.பி. 57-ஆம் ஆண்டில் பவுல் அப்போஸ்தலர் உரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரம், பெபேயாள் என்னும் பெண்மணியை அச்சபையாரிடம் ஒப்புவிக்கும் பரிந்துரையோடு தொடங்குகிறது. அவர் கொரிந்துப் பட்டணத்தின் துறைமுகமாகிய கெங்கிரேயாவில் இருந்த சபையின் ஊழியக்காரி. முன்பின் அறியாத தலைநகருக்குச் செல்லும் அவருக்கு எக்காரியத்தில் உதவி தேவைப்படினும் உதவுக என்பதே வேண்டுகோள். அதனைத் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. யூதப் பெயர்கள், கிரேக்கப் பெயர்கள், இலத்தீன் பெயர்கள், அக்காலத்தில் அடிமைகளுக்கு இடப்பட்டு வந்த பெயர்கள் ஆகிய எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவசரமாகப் படிப்போர் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுவர். உண்மையில், ஒரு தலச்சபை என்பது எத்தகையோரின் கூட்டம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சபையார்க்கிடையே நிலவ வேண்டிய இவ்வுறவைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘ஐக்கியம்’ என்னும் சொல்லால் வழங்குகின்றனர். பிரசங்க மேடையில் இச்சொல் ஒலிக்காத ஞாயிற்றுக்கிழமை அரிது. பலமுறை கேட்டுக் கேட்டுத் தேய்ந்த சொற்களுக்கு நேரும் கதி இதற்கும் நேர்ந்துள்ளது. ஐக்கியம் என்றால் ஆராதனைக்குப்பின் வாசலில் நின்று ஊர்ச் செய்தி பேசுதல், ஆண்டுக்கொருமுறை உல்லாசப் பயணம் செல்லுதல் என்ற அளவில் பலர் நிறைவு கொள்கின்றனர். ஆகவே இச்சொல்லின் வேரைச் சிறிது அகழ்ந்து பார்த்தல் பயனுடையதாகும்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதற்குரிய சொல் கொயினோனியா என்பது. பொதுவானது என்று பொருள்படும் ஓர் அடிச்சொல்லினின்று பிறந்தது. ஒரு பொருளில் பலர்க்கும் பங்கு இருத்தலே அதன் அடிப்படைக் கருத்து. பழைய தமிழ் வேதாகமம், எருசலேமின் முதற் சபையைப் பற்றிய விவரத்தில் இதனை ‘அந்நியோந்நியம்’ என்று பெயர்க்கிறது. திருவிருந்தைக் குறிக்குமிடத்தில் ‘ஐக்கியம்’ என்கிறது. மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகள் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டி அனுப்பிய செய்தியிலும் மூலத்தில் இதே சொல்தான் நிற்கிறது. அங்கே தமிழில் அது பொருளுதவி ஆகிவிடுகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, அந்நியோந்நியம் இருந்த இடத்தில் ‘நட்புறவு’ என்னும் சொல்லை அமைத்திருக்கிறது. இடத்துக்கேற்ப ஒரு சொல்லைப் பல சொற்களால் பெயர்த்தல் மொழிபெயர்ப்பாளர்க்குரிய உரிமையே. ஒரு சொல்லுக்கு என்றும் ஒரே சொல் என்று கட்டாயப்படுத்தும் கோப்பு மொழிபெயர்ப்பில் உழல்வோர் அவ்வுரிமையைக் கண்டு பொறாமைகூடக் கொள்ளலாம். ஆயினும் ஓர் இழப்பும் இதில் உண்டு. அன்போடு பழகுதல், ஒரே அப்பத்தில் பங்குகொள்ளுதல், பணப்பையைத் திறத்தல் ஆகிய மூன்றும் கிரேக்க வாசகர்க்கு ஒரே சொல்லாகக் கேட்டன. நமக்கு அவை மூன்று வெவ்வேறு காரியங்களாகிவிட்டன. முதலாவதைச் செய்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டாலும் ஐக்கியம் காத்தோம் என்று எண்ணிக்கொள்ள இடம் ஏற்படுகிறது.

முதற் சபையில் எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று கருதுவோர் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 6-ஆம் அதிகாரத்தைக் காண்க. எருசலேமில் அப்போது இரு திறத்தார் இருந்தனர். உள்ளூரில் பிறந்து வளர்ந்து அரமேய மொழி பேசியோர் ஒரு திறத்தார். வெளிநாடுகளில் பல தலைமுறை வாழ்ந்து, கிரேக்கமே பேச்சுமொழியாகிவிட்டபின் திரும்பி வந்த யூதர் மற்றொரு திறத்தார். நாள்தோறும் விதவைகளுக்கு நடந்த அன்னப் பகிர்வில் கிரேக்கம் பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. திருச்சபை வரலாற்றின் முதல் உட்பூசல்களுள் ஒன்று கொள்கை பற்றியதன்று. மொழி பற்றியது, சோறு பற்றியது என்பதை நாம் மறத்தலாகாது. அதனைத் தீர்த்த விதம் இன்னும் கருதத்தக்கது. பந்தி விசாரணைக்கென எழுவரைத் தெரிந்தெடுத்தனர். ஸ்தேவான், பிலிப்பு முதலாக நிக்கொலா ஈறாக அவ்வெழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. குறை கூறிய சிறுபான்மையினரின் கையிலேயே, இரு திறத்தாருக்கும் உரிய பொதுக் களஞ்சியம் ஒப்புவிக்கப்பட்டது. சிறுபான்மையினருக்கெனத் தனிப் பந்தி அமைத்துக் கொடுப்பது எளிய வழியாக இருந்திருக்கும். அவ்வழியை அவர்கள் நாடவில்லை.

கொரிந்துச் சபையின் கதை வேறு. கி.மு. 146-இல் உரோமரால் அழிக்கப்பட்ட அப்பட்டணம், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் மீண்டும் குடியேற்றப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகள், வணிகர், மாலுமிகள், கைத்தொழிலாளர் எனப் பல நாட்டு மக்கள் பிழைப்பை நாடி வந்து சேர்ந்த ஊர் அது. அக்காலத்தில் திருவிருந்து ஒரு முழு உணவோடு சேர்ந்தே நடைபெற்றது. ஓய்வும் வசதியும் உடையோர் முன்னரே வந்து, தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்டு குடித்து நிறைந்தனர். வேலை முடிந்து பிந்தி வந்த எளியோர் பசியோடு நின்றனர் என்று அறிஞர் விளக்குவர். பவுலின் கண்டனம் மிகக் கடுமையானது. ஜெபங்களில் குறை இருந்ததாக அவர் கூறவில்லை. பாட்டில் பிழை இருந்ததாகவும் கூறவில்லை. ஒருவர் பசித்திருக்க மற்றவர் வெறித்திருந்ததால் அவர்கள் உண்டது ஆண்டவருடைய விருந்தே அன்று என்கிறார். பந்தியில் பிளவு ஏற்படின் வழிபாடே பொய்யாகிவிடும் என்ற கருத்து இங்கே தோன்றியது. பிற்காலத்தில் நம் நாட்டிலும் அது பெரும் புயலைக் கிளப்பியது.

அதனைக் கூறுமுன் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்கில்லா கருங்கடற் கரையிலுள்ள பொந்து நாட்டில் பிறந்தவர். உரோமாபுரியில் குடியிருந்தபோது கிலவுதியு பேரரசரின் கட்டளையால் யூதர்கள் வெளியேற்றப்படவே, மனைவியுடன் கொரிந்துக்கு வந்தார். அங்கிருந்து எபேசுவுக்குச் சென்றார். பின்னர் மீண்டும் உரோமாபுரிக்குத் திரும்பினார். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். எபேசுவிலும் உரோமாபுரியிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. ஊர்விட்டு ஊர் மாறிய இக்குடும்பம், தான் நிலையாகக் காலூன்றிய பின்னர்ச் சபைக்கு உழைப்போம் என்று காத்திருக்கவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு பெறும் அரசாங்க ஊழியர்கள் ‘இவ்வூரில் எத்தனை நாள் இருக்கப் போகிறோம்’ என்று கூறி ஒதுங்கி நிற்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு இத்தம்பதிகளை நினைவூட்டுவது தகும்.

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியர் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். 1718-இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒரே கூரையின்கீழ் ஒரே நற்செய்தியைக் கேட்டனர். ஆனால் சாதிக்கொரு பக்கமாகத் தனித்தனியே அமர்ந்தனர். இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பல சபைகளில் வேரூன்றி நின்றது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், சாதி வேற்றுமை சபைகளினின்று உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று ஆணை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கிளர்ந்து எழுந்தனர். பலர் சபையை விட்டே வெளியேறினர். கவிஞராக விளங்கிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் இச்சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர். அவருடைய பாடல்களை இன்றும் அன்போடு பாடுவோர், இச்செய்தியையும் மறைக்காமல் அறிந்திருத்தல் நேர்மை.

கத்தோலிக்க சபையும் இதற்கு விலக்கன்று. வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு கைகளாகப் பிரிந்த அமைப்புடையது. ஒரு கையில் ஒரு சாரார், மறு கையில் மற்றச் சாரார். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும்; மக்களுக்கோ ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910-இல் இடைத்தடுப்பு அகற்றப்பட்டது. அதனை மீண்டும் நிறுவ வேண்டுமென வழக்குத் தொடுத்தோர் நீதிமன்றத்தில் தோல்வியுற்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் ஒரே கடவுளை வணங்க முடியும் என்ற எண்ணம் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி எழுப்பப்பட்டதற்கு அவ்வாலயம் சான்று. கல்லை இடிப்பது ஒருநாள் வேலை. கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் எஞ்சி நிற்கும் தடுப்புகள் அத்தனை விரைவில் இடியவில்லை.

இருளை மட்டும் கூறி ஒளியை விடுதல் முறையன்று. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் ‘அசனம்’ என்னும் பொதுப் பந்தி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அசனம் என்பது உணவைக் குறிக்கும் வடசொல். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்றும் பிற விழா நாள்களிலும் சபையார் அரிசியும் காய்கறியும் பணமும் கொணர்ந்து குவிப்பர். இரவெல்லாம் பெரிய அண்டாக்களில் சமையல் நடக்கும். மறுநாள் ஊரார் அனைவரும் வரிசையாக அமர்ந்து உண்பர். பிற சமயத்தாரும் அழைக்கப்படுவர். வீட்டிலுள்ள நோயாளிகளுக்குத் தூக்குச்சட்டியில் எடுத்துச் செல்வோரும் உண்டு. கொரிந்தில் சிதைந்த பந்தி, தாமிரபரணிக் கரையில் சாம்பாரும் சோறுமாக மீண்டும் கூடியது எனலாம். இதனோடு ஒப்பவைக்கத் தக்கது கைப்பிடி அரிசிக் காணிக்கை. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் பெண்கள், அதனை வாரந்தோறும் ஆலயத்துக்குக் கொணர்வர். காசு கையில் புழங்காத குடும்பத் தலைவியும் கொடுப்போர் வரிசையில் நிற்க இவ்வழக்கம் வழிசெய்தது. வாங்குவோராக மட்டுமே இருப்போருக்கு ஐக்கியத்தில் பாதிப் பங்குதான் கிடைக்கிறது என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் சிறப்பாக அறிய வேண்டிய ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்குக் காரணர்களுள் ஒருவர். அச்சங்கம் வெளிநாட்டார் பணத்தை எதிர்பாராமல், இந்தியப் பணத்தால் இந்தியர் நடத்துவது என்னும் கொள்கையுடையது. அதன் ஊழியராகவே அசரியா 1909-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அவ்வூர் இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. மறுஆண்டு, அதாவது 1910-இல், எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பலரைத் திடுக்கிடச் செய்தது. மேனாட்டு ஊழியர்கள் இந்தியாவுக்குப் பொருள் தந்ததையும் உயிரையே தந்ததையும் நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இந்திய உடன் ஊழியரைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைக்கவும் மனம் வராத நிலையைச் சுட்டிக்காட்டி, தமக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். கொடையாளர் இருந்தனர், ஆசிரியர் இருந்தனர்; உடன் அமர்ந்து உண்பார் இல்லை என்பதே அவர் கூறிய குறை. 1995-இன் மொழிபெயர்ப்பாளர்கள் ‘நட்புறவு’ என்று தமிழில் எழுதுவதற்கு 85 ஆண்டுகளுக்கு முன்னரே, அச்சொல்லின் பொருளை ஒரு தமிழர் உலக அரங்கில் எடுத்துரைத்துவிட்டார்.

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. பிறரிடம் கேட்ட நட்பைத் தாம் பிறருக்குக் கொடுத்தாரா என்று பார்ப்பதே நியாயமான சோதனை. தோர்ணக்கல்லில் அவர் தெலுங்கு கற்றார். தமிழ்ச் சபை ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொள்ளவில்லை. அங்குச் சபையில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் இரு சமூகத்தார். ஊரார் இருவரையும் ஒருங்கே ஒதுக்கினும், இவ்விருவரும் தமக்குள் உண்ணல், கொள்ளல் இன்றிப் பிரிந்தே வாழ்ந்தவர். ஒரே சபை, ஒரே திருவிருந்துப் பந்தி என்பதில் அசரியா உறுதியாக நின்றார். 1939-இல் அங்குப் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தில் இந்துக் கோயிற் சிற்ப முறையும் இசுலாமியக் கட்டடக் கலையும் கிறிஸ்தவ அமைப்பும் கலந்து காணப்படுகின்றன. 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். பல சபைப் பிரிவுகளும் ஒன்றுபட வேண்டுமென்று அவர் நெடுங்காலம் உழைத்ததன் பயனாகிய தென்னிந்தியத் திருச்சபை, 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் உதயமாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

இப்போது நம் நிலையைக் காண்போம். மும்பைத் தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லையினின்று சென்றோர் முதல், தலைநகரின் அலுவலகங்களை நாடி வந்தோர் வரை, சென்ற இடமெல்லாம் தமிழர் சபை கூடி வந்திருக்கின்றனர். வாரம் ஆறு நாளும் பிறமொழி பேசி நாத்தடித்த ஒருவருக்கு, ஏழாம் நாள் தாய்மொழியில் ஜெபிப்பதும் பாடுவதும் எத்துணை ஆறுதல் என்பதை இவ்வேட்டைப் படிப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அதில் குற்றம் ஏதும் இல்லை. எனினும் தமிழ்ச் சங்கத்துக்கும் தமிழ்ச் சபைக்கும் வேறுபாடு உண்டு. சங்கத்தில் சேரத் தமிழ் போதும். நமக்கு இனியாரோடு பழகி, இனியரல்லாரை விட்டு விலகவும் உரிமை உண்டு. சபையில் நம் அருகில் அமர்வோரை நாம் தெரிந்தெடுப்பதில்லை. நாசரேத்தார், மார்த்தாண்டத்தார், வேலூரார் என்று சிறு சிறு வட்டங்கள் ஆராதனை முடிந்ததும் தாமே உருவாகின்றன. இணைச் செயலாளர் ஒருவரும் வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்ணொருத்தியும் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்று எழுந்தபின், அடுத்த ஞாயிறுவரை ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் இருப்பதும் உண்டு. புதிதாக வந்த இளைஞனிடம் முதற்கேள்வி ‘எந்த ஊர்?’ என்பது, இரண்டாவது கேள்வி ‘அந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளை?’ என்பது. இரண்டாவது கேள்வியின் உட்பொருள் யாவரும் அறிந்ததே. அதற்கு விடையளிக்க விரும்பாத பிள்ளை மூன்றாம் வாரம் வருவதில்லை.

ஐக்கியத்தின் மெய்த்தன்மை துன்பம் நேருங்கால் வெளிப்படும். வடநாட்டுப் பெருநகரில் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் திடீரென மறைந்தால் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். உடலை ஊருக்கு எடுத்துச் செல்வதா, இங்கேயே அடக்கம் செய்வதா என்று ஓர் இரவுக்குள் முடிவு செய்தாக வேண்டும். மருத்துவமனைச் சான்று, விமானத்தில் ஏற்றுவதற்குரிய தைலமிடல், பெட்டி, காவல் நிலையத்து அனுமதி என்று பல அலைச்சல்கள். இங்கேயே அடக்கம் என்றால், கல்லறைத் தோட்டத்தில் இடம் பெற அவர் ஏதேனும் ஒரு சபையின் பதிவேட்டில் இருந்தாரா என்ற வினா எழும். அவ்வேளையில் இந்தி அறியாத விதவைக்குப் பக்கத்தில் நிற்போர் யார்? பெட்டியைத் தூக்க நால்வர் வேண்டும்; அந்நால்வரும் வார நாளில் விடுப்பு எடுத்து வர வேண்டும். பத்தாண்டுகளாக ஆராதனைக்கு வந்தும் யாருடனும் ஒட்டாதிருந்த குடும்பத்துக்கும் சபையார் சென்று தோள் கொடுத்ததை நாம் கண்டிருக்கிறோம். ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் அடக்கத்துக்குக் குருவானவரையும் கோயில் பிள்ளையையும் தவிர ஐவரே வந்ததையும் கண்டிருக்கிறோம். அன்று கல்லறைத் தோட்டத்து வேலையாட்கள் இருவர், அழையாமலே வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தனர்.

2020 மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது ஆலயங்கள் யாவும் மூடப்பட்டன. ஆராதனை கைப்பேசித் திரைக்கு மாறியது. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அது பேருதவி, இன்றும் உதவியே. ஆனால் ஊரடங்கு நீங்கியபின்னும், வீட்டில் அமர்ந்தபடியே சென்னையில் நடக்கும் சிறந்த பிரசங்கத்தைக் கேட்க முடியும்போது, இரண்டு பேருந்து மாறி உள்ளூர் ஆலயத்துக்கு ஏன் செல்ல வேண்டும் என்று கேட்போர் பெருகினர். சிறந்த பிரசங்கம் திரையில் கிடைக்கும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. உள்ளூர்ப் பிரசங்கம் பல வேளை சுமாரானதே. இருப்பினும் திரையிலுள்ள குருவானவருக்கு நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது தெரியாது. அவ்வூரடங்கு நாள்களில் வேலை இழந்து அடைந்து கிடந்த தொழிலாளர் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொண்டு சென்ற சபைகள், எந்தச் சந்தில் எந்த வீடு என்பதை முன்னமே அறிந்திருந்த சபைகள்.

மொழி பற்றிய சிக்கலைக் கூறாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் நாட்டு மொழிகளுக்கு இடமளித்தது. அதுவரை கத்தோலிக்கர் திருப்பலி இலத்தீனில் நடந்தது. யாருக்கும் தாய்மொழியாகாத மொழி வழங்கியவரையில் யாரும் சண்டையிடவில்லை. ஆலயத்துள் தாய்மொழி நுழைந்ததும், பெங்களூரில் எந்தத் தாய்மொழி என்ற வினா எழுந்து, கன்னடரும் தமிழருமாகிய கத்தோலிக்கரிடையே பல ஆண்டுகள் கசப்பை விளைத்தது. எருசலேமின் விதவைகளே மீண்டும் நம் முன் வந்து நின்றதாகக் கொள்ளலாம். அதே நகரின் சிவாஜி நகரிலுள்ள தூய மரியாள் பேராலயத்தில் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவின்போது கன்னடம், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் திருப்பலி நடைபெறுவதும், எல்லா மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே தேரின்பின் செல்வதும் குறிப்பிடத்தக்கன.

நம் சபைகள் பலவற்றில் ஒரே ஆலயக் கட்டடம் காலையில் இந்தியும் பின்னர் ஆங்கிலமும் மாலையில் தமிழுமாக வழங்குகிறது. ஒரு சபையார் வெளியேறும்போது மற்றவர் உள்ளே வருவர். வாசற்படியில் ஒரு புன்னகை, அவ்வளவே உறவு. இதற்கிடையே இங்குப் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். படிக்க இயலாமல் திகைக்கின்றனர். அவர்களுக்காகத் தமிழ்ப் பாடல்களைத் தேவநாகரியிலும் உரோம எழுத்திலும் அச்சிட்டுத் தரும் சபைகள் உண்டு. தமிழைக் கொலை செய்வதாகச் சில பெரியோர் வருந்துகின்றனர். பாடாமல் வாய்மூடி நிற்கும் பிள்ளையைவிட, வேற்றெழுத்தைப் பார்த்தேனும் தமிழ் பாடும் பிள்ளை மேல் என்பது நம் கருத்து; வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் கடமை பெற்றோருடையது.

ஆண்டில் சில ஞாயிறுகளில் எல்லா மொழிச் சபைகளும் ஒன்றாகக் கூடும் வழக்கத்தைச் சில ஆலயங்கள் மேற்கொண்டுள்ளன. முதற்பாடம் தமிழில், இரண்டாம் பாடம் இந்தியில், சுவிசேஷம் ஆங்கிலத்தில் வாசிக்கப்படும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய ஞானப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் ஒரே நேரத்தில் பாடுவர். தமிழ் அடிகளில் அசைகள் மிகுதி. ஆதலால் இந்திப் பாடகர் அடியை முடித்துவிட்ட பின்னரும் நம்மவர் ஒன்றிரண்டு சொற்களை இழுத்துக்கொண்டிருப்பர். ஆர்மோனியம் வாசிப்பவர் பழகியவராயின், அதற்கென ஒரு கணம் விரலை நிறுத்தி, பிறகு அடுத்த அடியைத் தொடங்குவார்.